பூட்டிய அறையில் குரு: எங்கள் ஆட்ட மேஜை அனுபவங்கள்

மந்திரவாதியாக ஆடியவர்:

போன சனிக்கிழமையோடு எங்கள் ஆட்டம் முடிந்தது. ஐந்து மாதம், சனி இரவு தோறும் நான்கு பேர், ஒரு மேஜை, மூட்டை மூட்டையாகப் பகடை, அண்ணன் வீட்டு இஞ்சி டீ. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் மேஜையிலும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஆடாதவர்களுக்காக இரண்டு வரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்த ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார், அவர்தான் டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். நினைத்தது பலிக்குமா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும். நாங்கள் 2014 விதிகளில்தான் ஆடினோம்; 2024இல் வந்த திருத்தத்தைத் தொடவில்லை.

என் பாத்திரம் சார்சரர். விஸார்ட் என்பவன் உட்கார்ந்து படித்து மந்திரம் கற்பவன். சார்சரருக்கு அது ரத்தத்திலேயே இருக்கும். "பிறவியிலேயே வந்தவனுக்கு குரு எதுக்குடா?" என்று முதல் நாளே டிஎம் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் எடுத்தது வைல்ட் மேஜிக் வகை. மந்திரம் போட்டதும் டிஎம் பகடை உருட்டச் சொல்லலாம். 1 விழுந்தால் ஒரு பெரிய பட்டியலில் இருந்து ஏதோ ஒன்று தானாக நடக்கும். பூந்தொட்டிச் செடியாக மாறிவிடலாம். நம்மை நடுவில் வைத்தே நெருப்புக் குண்டு வெடிக்கலாம். இறகால் ஆன தாடி முளைத்து, தும்முகிற வரை அப்படியே தொங்கலாம். இப்படிப்பட்ட பையனை ஊருக்குள் விட முடியுமா? அடக்கிப் பழக்க ஒரு கிழவர் வேண்டும். ஒன்றரைப் பக்கத்துக்குக் கதை எழுதிக் கொடுத்தேன். அவரிடம் ஏழு பேர் சேர்ந்ததாகவும் தேறியது நான் ஒருவன் மட்டும்தான் என்றும் பெருமையாக ஒரு வரி சேர்த்திருந்தேன்.

முதல் இரவே குரு செத்துக் கிடந்தார். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. எங்கள் கிளெரிக், அதாவது பூசாரிப் பாத்திரமாக ஆடிய அக்கா, விஷம் இருக்கிறதா என்று மந்திரம் போட்டுப் பார்த்தார், இல்லை. நான் மந்திரத் தடம் தேடினேன், அதுவும் இல்லை. கடைசி ஒரு வாரமாக ஆள் உருகிக்கொண்டே வந்தார் என்று சமையல்காரப் பாட்டி மட்டும் அழுதுகொண்டே சொன்னாள்.

சரி, செத்தவரையே கேட்டுவிடலாம் என்று முடிவானது. ஸ்பீக் வித் டெட் என்ற மந்திரம். சார்சரருக்குக் கிடையாது, கிளெரிக்குக்கு உண்டு. பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும். ஐந்தே கேள்வி. அதற்குப் பிறகு பத்து நாள் அந்தப் பிணத்திடம் வாயைத் திறக்க வைக்க முடியாது. பதில்களும் விடுகதை மாதிரித்தான் வரும்.

"உங்களைக் கொன்றது யார்?"

"என் உறக்கம்."

"என்னது?" என்று அக்கா வாய்தவறிக் கேட்டார். அண்ணன் விரலை மடக்கி "இரண்டு" என்றார். பிணமும் "உறக்கம்" என்று மறுபடி சொன்னது. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

மூன்றாவது, கதவு திறந்ததா என்று. இல்லையாம். நான்காவது, கடைசியாக என்ன உணர்ந்தீர்கள்? "நெஞ்சில் கனம்." ஐந்தாவது கேள்வியை அக்கா என்னைக் கேட்காமலே போட்டுவிட்டார்: "இங்கே இன்னும் ஆறு கட்டில் இருக்கிறதே, அவர்கள் எங்கே?" "அனுப்பிவிட்டேன்." அவ்வளவுதான். கொலைக்கும் காலிக் கட்டிலுக்கும் என்ன சம்பந்தம்? நல்ல கேள்வி ஒன்று வீணாய்ப் போனது.

நெஞ்சில் கனம் என்றதும் எங்கள் ஃபைட்டர் பையன் "அட, அமுக்குவான் பேய்!" என்றான். எல்லோரும் சிரித்தோம். விடியற்காலையில் விழிப்பு வந்தும் கைகால் அசையாமல், நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்குமே, அதற்கு நம் பாட்டிகள் வைத்த பெயர். வீட்டுக்குப் போய்ப் படுத்தபிறகுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. கனடாவில் நியூஃபவுண்ட்லாந்துக்காரர்கள் அதே அமுக்கலுக்கு 'ஓல்ட் ஹேக்', கிழட்டுச் சூனியக்காரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த ஆட்டத்திலும் நைட் ஹேக் என்று ஒருத்தி உண்டு.

அவள் கொல்கிற விதம்தான் அழகு. இந்த ஆட்டத்தில் நம் உலகத்தோடு ஒட்டியே ஈதரியல் என்று இன்னொரு உலகம் இருக்கும், மடித்த வேட்டியில் ஒரு மடிப்பின்மேல் இன்னொன்று கிடப்பது போல. அங்கே நிற்பவருக்கு நம் சுவரும் கதவும் தடையில்லை. நாம் அவருக்குச் சாம்பல் நிறத்தில் தெரிவோம், அதுவும் 60 அடி வரைதான். நமக்கு அவர் தெரிய மாட்டார். நைட் ஹேக் அங்கே இருந்தபடியே தூங்குகிறவரைத் தொட்டுக் கெட்ட கனவு கொடுப்பாள். ஒரு மணி நேரம் அது நீடித்தால், உயிர்ப்புள்ளியின் உச்ச அளவே ஒரு பத்துப் பக்கப் பகடை விழும் அளவுக்குக் குறையும். தூங்கி எழுந்தாலும் திரும்ப வராது. குருவுக்கு நாற்பது புள்ளி என்று வைத்தால் ஏழெட்டு இரவு. அவர் உருகிய ஒரு வாரம் இதுதான்.

அவளைப் பார்க்க வழி? கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் சீ இன்விசிபிலிட்டி மந்திரம். அது ஈதரியலுக்குள்ளும் கண்ணைக் கொடுக்கும். சார்சரருக்கு ஐந்தாம் நிலையில் மொத்தமே ஆறு மந்திரம்தான் தெரியும், அதில் இது இல்லை. ஆறாம் நிலைக்கு ஏறியதும் மறு யோசனை இல்லாமல் இதைத்தான் எடுத்தேன். ஆனால் ஒரு தடவை போட்டால் ஒரு மணி நேரம்தான். இது இரண்டாம் நிலை மந்திரம்; அந்த நிலையில் ஒரு நாளைக்கு மூன்று தடவைதான் போட முடியும், அதாவது என்னிடம் மூன்று 'இடம்'. மூன்றாம் நிலை இடங்களைச் சண்டைக்கு வைக்க வேண்டும். இரவோ எட்டு மணி நேரம். அக்கா குருவின் கட்டிலில் படுத்தார், நான் மூலையில் உட்கார்ந்தேன், எந்த மூன்று மணி நேரம் என்று நானேதான் தீர்மானிக்க வேண்டும். பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

முதல் மணி, ஒன்றுமில்லை. இரண்டாவதில் பகடையில் 1 விழுந்து, பட்டியலைப் பார்த்தால் என் தோல் முழுக்கப் பளீர் நீலம். ஃபைட்டர் "கிருஷ்ணா முகுந்தா" என்று ஆரம்பித்துவிட்டான். மூன்றாவது மணியில், அக்காவின் தலைமாட்டில், புகையால் செய்தது போல உட்கார்ந்திருந்தாள் சமையல்காரப் பாட்டி. கை அக்காவின் நெற்றியில்.

மேஜையில் யாரும் பேசவில்லை. நான் அவளைப் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சிரித்தாள். தானாகவே இந்தப் பக்கம் வந்து நின்று, "ஏழாவது நீயா?" என்றாள்.

சண்டையை விவரிக்கவில்லை. அவளுக்கு நெருப்பு பாதிதான் ஏறும் என்பது என் ஃபயர்பால் போன பிறகுதான் தெரிந்தது. வென்றோம். அவள் இடுப்பில் ஒரு கறுப்புக் கல்லும் தோலில் தைத்த கறுப்புப் பை ஒன்றும் இருந்தன. பைக்குள் என் குருவின் ஆன்மா. மீட்டுவிட்டேன்! இவ்வளவு நிறைவாக ஒரு ஆட்டம் எனக்கு முடிந்ததே இல்லை.

வேறொரு மேஜையில் ஆடுகிறவர்:

அருமை. எனக்கும் ஈதரியலில் ஒரு சூடு விழுந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன். எதிரி அந்தப் பக்கம் ஓடினால் துரத்தலாம் என்று நம்பி பிளிங்க் என்ற மந்திரத்தை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் என் சுற்று முடியும்போது பகடை, 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அந்தப் பக்கம் போவேன். போனேன். எதிரி எதிரிலேயே நிற்கிறான். வாளை ஓங்கலாம் என்றால், என் அடுத்த சுற்று தொடங்கும்போதே நான் இந்தப் பக்கம் திரும்பிவிடுகிறேன். நடுவில் அவன் என்னை அடித்துக்கொள்ளலாம். கல்யாண வீட்டு வாசல்வரை போய் மொய் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்பிய கதை.

இன்னொன்று. குருவின் பேயைத் தேடி சீ இன்விசிபிலிட்டியைப் போட நினைப்பவர்களுக்கு: 2014 விதிப்படி பேய் ஈதரியல் ஓரத்தில் நின்றாலும் நம் கண்ணுக்குத் தெரியும். பேய் இருந்தால் நீங்களே பார்த்திருப்பீர்கள். இடத்தை வீணாக்காதீர்கள்.

கிளெரிக்காக ஆடியவர்:

தம்பி, முதலில் அந்த "என்னது". ஐந்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிணம் பேசினால் யாராக இருந்தாலும் "என்னது" என்றுதான் கேட்பார்கள்.

இரண்டாவது, அவள் உட்கார்ந்தது என் தலைமாட்டில். தூண்டில் புழு நான். பெயர் மட்டும் உனக்கு. அது போகட்டும். புராடெக்‌ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட் என்று ஒரு முதல் நிலை மந்திரம் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் நைட் ஹேக் தொட முடியாது. எனக்குத் தெரியும். தூண்டில் என்பதால் போடாமல் படுத்தேன். ஆனால் உன் குருவும் பெரிய மந்திரம் படித்தவர்தானே? ஒரு வாரம் உருகினாரே, ஒரு காப்பு மந்திர வட்டம்கூட ஏன் வரையவில்லை என்று நீ ஒரு தடவையாவது யோசித்தாயா?

நான் யோசித்தேன். கட்டில்தான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஏழு கட்டிலையும் வரிசையாக, விரிப்பு மடித்து வைத்திருந்ததாக அண்ணன் முதல் நாளே விவரித்தார். ஊருக்குத் திரும்பிப் போன பிள்ளைகளின் செருப்பு கட்டிலுக்கு அடியில் ஏன் இருக்கிறது? நான் கேட்ட கேள்வி வீணாகவில்லை, தம்பி. அந்த ஐந்தில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். "அனுப்பிவிட்டேன்" என்றார். எங்கே, யாரிடம் என்று கேட்க ஆறாவது கேள்வி இல்லை. (ஆமாம், அந்த "என்னது". தெரியும்.)

இப்போது அந்தப் பை. நான் வேறு மேஜையில் டிஎம் ஆக இருந்திருக்கிறேன், அதனால் விதிப்புத்தகத்தில் நைட் ஹேக் பற்றிய பக்கம் எனக்கு மனப்பாடம். ஒரு பை தைக்க ஏழு நாள் ஆகும், ஒரு மனித உயிரும் வேண்டும். அந்தத் தோல் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவளிடம் செத்தவர்கள் எல்லோருடைய ஆன்மாவும் அந்தப் பைக்குள் போய்விடாது. தீயவர்களுடையது மட்டும்தான் போகும். நல்லவர் செத்தால் பை காலியாகவே இருக்கும்.

நீ பையைத் திறந்து "குருவே!" என்று கத்தியபோது நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் முன்பே எனக்கு இது தெரிந்துவிட்டது. ஆட்டக்காரியாக எனக்குத் தெரிந்தது, என் பாத்திரத்துக்குத் தெரியாது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஆட்டம் முடிந்துவிட்டதால் அண்ணனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எழுதுகிறேன்.

டிஎம்:

அனுமதி கொடுத்தது உண்மை. மந்திரவாதிப் பையன் நேற்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதால்தான் கொடுத்தேன்.

முதலில் நான் யோசித்து வைத்திருந்த கொலையாளி வேறு. ஊர்த் தலைவர், பணம், ஒரு நிலத் தகராறு. படு சாதாரணம். பிறகு பையன் எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்கத்தைப் படித்தேன். அதில் முக்கால்வாசி அவன் கண் எப்படி ஜொலிக்கும் என்பது. நடுவில், ஏழு பேர் சேர்ந்தோம், தேறியது நான் ஒருவன் மட்டும்தான் என்று ஒரு வரி. மீதி ஆறு பேரைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு அங்கேயே நின்றுவிட்டது. அன்றைக்கே ஊர்த் தலைவரைக் குப்பையில் போட்டேன்.

கட்டில், செருப்பு, "அனுப்பிவிட்டேன்", "ஏழாவது நீயா" எல்லாம் அந்த வரியிலிருந்து வந்தவை. குரு வட்டம் வரையாததற்கும் காரணம் வைத்திருந்தேன்: அவளைத் தன் ஆள் என்று நம்பினார். ஆறு தடவை கொடுத்திருக்கிறார், ஏழாவதைக் கொடுக்கத் தயங்கினார். ஏன் தயங்கினார் என்று என் நோட்டில் இரண்டு காரணம் எழுதி, இரண்டையும் அடித்துவைத்திருக்கிறேன். பையன்மேல் பாசமாக இருக்கலாம். பேரம் படியாமல் இருக்கலாம். அதை முடிவுசெய்ய வேண்டியவன் நான் இல்லை என்று தோன்றியது.

பகடை மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. எல்லாமே மேஜைமேல் கிடக்கும், ஆனால் சொல்ல முடியாது. ஐந்து மாதம் அந்தக் கட்டில்களைத் திரும்பத் திரும்ப விவரித்தேன். ஒரு தடவை விரிப்பின் நிறம்வரை சொன்னேன். பையன் "அண்ணே, சீக்கிரம் கொலைக்கு வாங்க" என்றான்.

மந்திரவாதியாக ஆடியவர்:

இரண்டு நாளாக இதைப் படித்துவிட்டு மூடிவைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரியை எழுதும்போது மீதி ஆறு பேருக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. இப்போது உட்கார்ந்து வைத்துப் பார்த்தேன். நான்கு பேருக்குத்தான் வந்தது.

அக்கா, செருப்பை அண்ணன் எந்த சனிக்கிழமை சொன்னார்? எனக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. நான் அன்றைக்கு டீ போடப் போயிருந்தேனா?

அடுத்த ஆட்டத்துக்கு இதே பாத்திரத்தைக் கொண்டுவரலாம் என்று அண்ணன் சொல்கிறார். தோல் இன்னும் நீலம்தான், சாபம் நீக்கும் ரிமூவ் கர்ஸ் மந்திரம் போட்டால்தான் போகும், அக்கா வேண்டுமென்றே போடவில்லை. பையை என்ன செய்வது என்று கேட்டார், பதில் சொல்லவில்லை. நேற்று ராத்திரி பாத்திரத்தாளை எடுத்துப் பார்த்தேன். உடைமைகள் பட்டியலில், சண்டை முடிந்த அவசரத்தில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்: கயிறு 50 அடி, தீப்பந்தம் 10, குரு.