விபத்தில் குழிந்த முகத்துக்குக் கொழுப்பு ஒட்டு: பட்டறிந்தவர்களின் பகிர்வு

திருச்சிராப்பள்ளி, கல்லூரி ஆசிரியை

2019ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், கணவர் ஓட்டிய இருசக்கர வண்டியின் பின்னால் அமர்ந்து சென்றுகொண்டிருந்தபோது, என் துப்பட்டா சக்கரத்தில் சிக்கி இழுத்ததில் சாலையில் முகம் குப்புற விழுந்தேன். இடது கன்ன எலும்பும் கண்குழியின் கீழ்விளிம்பும் உடைந்தன. ஐந்தாம் நாள் டைட்டானியம் பிளேட் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள்; அது உண்மையும்கூட. ஆனால் வீக்கம் முழுவதும் வற்றிய நான்காவது மாதத்தில், கண்ணுக்குக் கீழே கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஒரு பள்ளம் எஞ்சியிருந்தது. அதன் மேலிருந்த தழும்பு எலும்போடு ஒட்டிக்கொண்டதால், சிரிக்கும்போது அந்த இடம் மட்டும் உள்ளே இழுக்கும். மாணவிகளுக்கு வலப்பக்கம் மட்டும் தெரியும்படி நின்று பாடம் நடத்தப் பழகிக்கொண்டேன்.

எலும்பு சேர்ந்த பிறகும் பள்ளம் எப்படி வரும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அடிபட்ட வேகத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவிலிருக்கும் கொழுப்பு நசுங்கி, இரத்தக் கட்டின் அழுத்தத்தில் செத்துச் சுருங்கிவிடுகிறது என்பதையும், அந்த வெற்றிடத்தில் வளரும் தழும்புத் திசு மேல்தோலைக் கீழே பிடித்து இழுக்கிறது என்பதையும் பிறகு ஓர் ஒட்டுறுப்பு அறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். நம் உடம்பின் வேறிடத்திலிருந்து கொழுப்பை எடுத்துப் பள்ளத்தில் வைக்கும் கொழுப்பு ஒட்டு பற்றி அவரிடம்தான் முதன்முதலில் கேள்விப்பட்டேன். உடனே செய்துவிடுங்கள் என்று நான் அவசரப்பட்டபோது அவர் மறுத்துவிட்டார். எலும்பு சரியான இடத்தில் இருக்கிறதா, கண் உள்வாங்கியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும், இடம் மாறிய எலும்பைக் கொழுப்பால் மூடி மறைக்கக் கூடாது என்றார். அந்த மறுப்புக்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

கொரோனாவால் தள்ளிப்போய், 2021 பிப்ரவரியில் முதல் சிகிச்சை நடந்தது. தொப்புளைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து கலந்த உப்புநீரை ஏற்றிச் சிறிது நேரம் காத்திருந்து, சிறு சிரிஞ்சைக் கையாலேயே மெதுவாக இழுத்துக் கொழுப்பை எடுத்தார்கள். அதைச் சுழற்றும் கருவியில் வைத்தபோது மேலே எண்ணெய், நடுவே கொழுப்பு, அடியில் இரத்தம் கலந்த நீர் என்று மூன்று அடுக்காகப் பிரிந்தது. நடு அடுக்கை மட்டும் எடுத்து, முனை மழுங்கிய மெல்லிய குழாயின் வழியே, தழும்பைக் கீழிருந்து விடுவித்தபடி, துளித்துளியாகப் பல ஆழங்களில் வைத்தார்கள். பள்ளத்துக்கு ஆறு மில்லிலிட்டர் போதும் என்று கணக்கிட்டிருந்தும் ஒன்பது வைத்தார்கள். ஒரு பங்கு கரையும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்.

அந்த மூன்று மில்லிலிட்டர்தான் என்னை மிகவும் வதைத்தது. முதல் இரண்டு வாரம் கன்னம் மறுபக்கத்தைவிடப் புடைத்திருந்தது. முகம் வேறொருத்தியுடையதாகிவிட்டதே என்று அழுதேன். ஆறாம் வாரம் இரண்டு கன்னங்களும் ஒத்திருந்தன. வீட்டில் பாயசம் வைத்தார்கள். நான்காம் மாதத்தில் பள்ளம் பாதி திரும்பியிருந்தது. ஆறாம் வாரத்துக் கண்ணாடியை நம்பியிராவிட்டால் இந்த வீழ்ச்சி இவ்வளவு வலித்திருக்காது. ஆனாலும் ஒரு மாற்றம் கரையவே இல்லை: தழும்பு எலும்பைவிட்டுப் பிரிந்து, விரலால் தள்ளினால் நகர்ந்தது. சிரித்தபோது இழுக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் இரண்டாம் முறையாக ஐந்து மில்லிலிட்டர் வைத்தபோது, அது தங்குவதற்கு இளகிய இடம் ஒன்று இருந்தது.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. உயிரைக் காக்க அது பெரிய துணை. ஆனால் முகத்தின் பள்ளம் 48 மணி நேரத்தில் தெரிவதில்லை. நான்காம் மாதத்தில்தான் தெரிகிறது. அந்த வேளையில் எங்கே போவது என்று சொல்ல ஆளில்லாமல் தவிப்பவர்களுக்காகவே இதை எழுதத் தொடங்கினேன்.

சிவகாசி வட்டாரம், பட்டாசுத் தொழிலாளியின் மகன்

வணக்கம் அம்மா. என் தாயார் பட்டாசு ஆலையின் வெடிமருந்து அறையில் தீப்பற்றியதில் முகத்தின் கீழ்ப்பாதியும் கழுத்தும் வெந்துபோனவர். அரசு மருத்துவமனையில் தொடைத்தோலை எடுத்து ஒட்டி உயிரோடு திருப்பித் தந்தார்கள். ஆனால் ஓராண்டுக்குள் தோல் இறுகி, கீழுதடு தாடையை நோக்கி இழுத்துக்கொண்டது. சோற்றை உருட்டி வாய்க்குள் வைத்தாலும் பாதி வெளியே வரும். ஊரில் யார் வீட்டு விசேஷத்திலும் அவர் பந்தியில் உட்காருவதில்லை.

இழுத்துப் பிடித்த தோலை முதலில் வெட்டி விடுவித்து, மீண்டும் தோல் ஒட்டினார்கள். அதன் பிறகும் தாடைப்பகுதி அட்டைபோல் விறைத்திருந்ததால் கொழுப்பு வைக்கலாம் என்றார்கள். அம்மாவின் எடை அப்போது 42 கிலோ. "என் உடம்பில் ஏதப்பா கொழுப்பு?" என்று மருத்துவரைக் கேட்டார். தொடையின் உட்பக்கத்திலும் முழங்காலின் உட்புறத்திலும் தேடி இருபது மில்லிலிட்டர் அளவுக்கு எடுத்தார்கள். முகத்தைவிடத் தொடையில்தான் வலி அதிகம். கன்றிப்போய்ப் பத்து நாள் குத்தவைத்து உட்கார முடியவில்லை. இதை யாரும் எங்களுக்கு முன்னதாகச் சொல்லவில்லை.

தோற்றத்தில் மற்றவர்கள் சொல்லும்படியான மாறுதல் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். நிறம் அப்படியே இருக்கிறது. ஆனால் இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்த அரிப்பு இரண்டு மாதத்தில் தணிந்தது. தாடைத்தோலைக் கிள்ளிப் பிடிக்க முடிகிறது. போன தைப்பொங்கலன்று என் அத்தை வீட்டில் எல்லாரோடும் இலைபோட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். எங்களுக்கு அதுவே முகம் திரும்பி வந்த நாள்.

டொரொண்டோ, வன்னியிலிருந்து புலம்பெயர்ந்தவர்

அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். 2009ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஷெல் சிதறல் ஒன்று என் வலது கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அப்போது இருந்த நிலையில் காயத்தைக் கழுவித் தைத்ததே பெரிய காரியம். தைத்த வைத்தியரை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கன்னத்தின் தசையும் கொழுப்பும் போனதால், பல்வரிசையின் வடிவம் வெளியே தெரியும் அளவுக்குத் தோல் ஒட்டிப்போயிருந்தது.

கனடாவுக்கு வந்து பல ஆண்டுகளின் பின்னர்தான் சத்திரசிகிச்சைக்குத் துணிந்தேன். போரில் முகம் சிதைந்த படைவீரர்களுக்கு இதே முறையில் கொழுப்பு வைத்து, எவ்வளவு தங்குகிறது என்பதை ஸ்கேன் மூலம் அளக்கும் ஆய்வுகளைப் பீட்டர் ரூபின் என்ற வைத்தியரின் குழு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் செய்தது என்றும், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதற்கு நிதி கொடுத்தது என்றும் என் வைத்தியர் சொன்னார். அதைக் கேட்டபோது என் மனதில் எழுந்ததை இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் சனத்தில் எத்தனை பேர் துவாயால் கன்னத்தை மறைத்துக்கொண்டு திரிகிறார்கள் என்பதே நினைவுக்கு வந்தது.

மூன்று முறை வைத்தார்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு கன்னம் நன்றாகவே நிரம்பியது. ஆனால் அதன் பின்னர் வேலை மாறி, இரவுப்பணியில் நேரங்கெட்ட சாப்பாட்டால் 11 கிலோ கூடினேன். வலது கன்னம் இடதைவிடப் பருத்துவிட்டது. வயிற்றிலிருந்து எடுத்த கொழுப்பு கன்னத்தில் குடியேறிய பிறகும் வயிற்றின் குணத்தை மறப்பதில்லை. எடை குறைத்தபோது கன்னமும் குறைந்தது. சிகிச்சைக்கு முன் உங்கள் எடை ஓராண்டாவது ஒரே நிலையில் இருக்கட்டும் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். மேலுதட்டின் மரப்பு மட்டும் மாறவில்லை. நரம்பு அறுந்த இடத்தில் கொழுப்பால் உணர்வைக் கொண்டுவர முடியாது.

சென்னை, ஓய்வுபெற்ற அறுவை அரங்கச் செவிலியர்

மூவருக்கும் என் வணக்கம். அறுவை அரங்கில் அந்தச் சிரிஞ்சுகளை வரிசையாக அடுக்கிக் கொடுத்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இது புதிய வைத்தியம் அன்று. ஜெர்மனியைச் சேர்ந்த குஸ்டாவ் நாய்பர் 1893இலேயே கையிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்தில் குழிந்த தழும்பை நிரப்பினார். துண்டுகள் சிறியனவாக இருந்தால்தான் தங்குகின்றன என்பதையும் அவரே கண்டார். அதற்கான காரணம் எளிது. இடம் மாற்றி வைத்த கொழுப்புக்கு முதல் சில நாள்களில் தனக்கென்று இரத்தக்குழாய் கிடையாது. சுற்றியுள்ள திசுவிலிருந்து கசியும் பிராணவாயுவை நம்பியே பிழைக்கிறது. பெரிய உருண்டையாக வைத்தால் விளிம்பு பிழைக்கும், நடு செத்து எண்ணெய்க் கட்டியாகவோ கல்போன்ற முடிச்சாகவோ ஆகிவிடும். நியூயார்க்கின் சிட்னி கோல்மன் 1990களில் மழுங்கிய குழாய், நிமிடத்துக்கு 3000 சுற்றில் மூன்று நிமிடம் சுழற்றுதல், துளித்துளியாக வைத்தல் என்று ஒழுங்குபடுத்திய பிறகுதான் இது பரவலாயிற்று. ஒரு பள்ளத்தை நிரப்ப இரண்டு மணி நேரமா என்று வெளியே காத்திருக்கும் உறவினர்கள் கோபிப்பார்கள். அந்த நேரம்தான் ஒட்டின் உயிர்.

சிவகாசித் தம்பிக்கு: உங்கள் தாயாருக்கு அரிப்பு தணிந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன். ஆயினும் தீக்காயத் தழும்பில் எல்லாருக்கும் ஒரே பலன் கிடைக்காது. குழந்தைகளிடம் செய்து 2017இல் வெளியான ஒரு சிறிய ஒப்பீட்டாய்வில், ஒரே முறை கொழுப்பு வைத்த தழும்புக்கும் உப்புநீர் வைத்த தழும்புக்கும் வேறுபாடு தெரியவில்லை. நம்பிக்கையோடு செல்லுங்கள், ஆனால் கடன் வாங்கிச் செய்யும் முன் இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான எச்சரிக்கை ஒன்று உண்டு. நெற்றி, மூக்கு, கண்ணைச் சுற்றிய பகுதிகளின் இரத்தக்குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் தமனியோடு தொடர்புள்ளவை. கூரிய ஊசியால் வேகமாக அழுத்தும்போது கொழுப்பு தமனிக்குள் புகுந்தால் பார்வை பறிபோகும், பக்கவாதமும் வந்திருக்கிறது. இது அரிது, ஆனால் நடந்தால் பெரும்பாலும் மீட்க முடியாது. எனவே அழகு நிலையங்களில் இதைச் செய்துகொள்ளவே கூடாது என்று காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். புகைப்பவர்கள் சிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்துங்கள். வைத்த இடத்தை நீவவோ, அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கவோ வேண்டாம்.

திருச்சிராப்பள்ளி, கல்லூரி ஆசிரியை

அனைவரின் பதிவுகளையும் என் கணவரும் உடனிருந்து வாசித்தார். டொரொண்டோத் தம்பி எழுதிய எடை விஷயத்தை என் மருத்துவரும் சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளாத அறிவுரை அது. சிவகாசித் தம்பி, உங்கள் தாயாருக்கு அடுத்த முறை வைப்பதாக இருந்தால், எங்கிருந்து எடுக்கப்போகிறார்கள், எத்தனை நாள் கால் வலிக்கும் என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை ஒரே சன்னலருகில், ஒரே நேரத்தில், வாயைத் திறந்தும் மூடியும் படம் எடுத்து வையுங்கள்; எவ்வளவு தங்கியது என்று பேச அது மருத்துவருக்கும் உதவும். நான் மூன்றாம் முறை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பள்ளத்தில் கொஞ்சம் இன்னும் இருக்கிறது, மாலை வெயில் பக்கவாட்டில் விழுந்தால் தெரியும். வகுப்பில் இப்போது நேராக நின்றுதான் பாடம் நடத்துகிறேன்.