புட்டு இலேசான சாப்பாடா? அந்த 9 கிலோக் கதைக்கு என் பதில்

இரணைமடு வாய்க்கால்:
நேற்று மாங்குளத்தான் இங்கே எழுதியதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்குச் சாரம் இதுதான்: "சோற்றை அடியோடு விட்டேன். இரவில் புட்டு மட்டும். புட்டு அவித்த சாப்பாடு, எண்ணெய் இல்லை, இலேசானது. 2 மாதத்தில் 9 கிலோ இறங்கியது." அதன் கீழே கை தட்டல் வேறு. எங்கள் மச்சாள் இன்று விடியவே சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அரிசியை மில்லில் திரிக்கக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். அவர் சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிற ஆள். அதனால்தான் எனக்குக் கோபம்.

அவித்தால் எண்ணெய் சேராது, சரி. மாவில் இருக்கிற கலோரி ஆவியோடு பறந்து போய்விடுமா? நேற்றிரவு எங்கள் வீட்டுப் புட்டை அவிக்க முதலே தராசில் வைத்தேன். அரிசி மா 300 கிராம். பாதித் தேங்காய் திருவியது 140 கிராம். அரிசி மாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 360 கலோரி, தேங்காய்ப்பூவில் ஏறத்தாழ 350. மொத்தம் 1,570. மூன்று பேர் சாப்பிட்டோம், ஆளுக்கு 520. சம்பலும் சொதியும் இதில் சேரவில்லை. சோறு 100 கிராமுக்கு 130 கலோரிதான். 250 கிராம் சோறு ஒரு கோப்பை நிறைய வரும், அது 325. எது இலேசு?

புரதம் அந்தப் புட்டில் ஆளுக்கு 8 கிராம். ஒரு முட்டையிலேயே 6 கிராம் இருக்கிறது.

மாங்குளத்தான்:
பாதித் தேங்காய் 140 கிராமா? யார் வீட்டில் அண்ணை? நான் புட்டுக்குப் பாதி போடுவதே இல்லை, ஒரு பிடிதான். உங்கள் வீட்டுப் புட்டை நிறுத்துவிட்டு என் புட்டுக்குத் தீர்ப்புச் சொல்கிறீர்கள். 86இல் இருந்து 77க்கு வந்தேன். கிளினிக் கொப்பியில் தாதி கையால் எழுதியிருக்கிறது. கொப்பி பொய்யா?

இரணைமடு வாய்க்கால்:
கொப்பி பொய் என்று நான் சொல்லவில்லை. காரணம்தான் பிழை. உங்கள் பதிவின் கடைசி இரண்டு வரியை நீங்களே திரும்ப வாசியுங்கள். பின்னேர றோல்ஸை நிறுத்தினேன், தேநீருக்குச் சீனி போடுவதில்லை, குளக்கட்டில் தினமும் நடக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தேக்கரண்டிச் சீனி 20 கலோரி. நாளுக்கு 5 தேநீர், ஒவ்வொன்றுக்கும் 2 கரண்டி என்றால் அதுவே 200. றோல்ஸையும் நடையையும் சேர்த்துப் பாருங்கள், குறைந்தது எதனால் என்று விளங்கும். பெயர் மட்டும் புட்டுக்கு.

இன்னொன்று. மாச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் முதல் கிழமையில் 2 கிலோவும் இறங்கும். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாச்சத்தோடு தண்ணீரும் ஒட்டியிருக்கும், ஒரு கிராமுக்கு 3 கிராம் அளவில். அது கரையும்போது தண்ணீரும் போகும். கொழுப்பு அப்படி ஓடாது. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. நாளுக்கு 500 குறைத்தால் இரண்டு கிழமைக்கு ஒரு கிலோ. 9 கிலோவும் கொழுப்பு என்று சொல்லாதீர்கள்.

முல்லைக்கடல் அக்கா:
தம்பி வாய்க்கால், மற்றதெல்லாம் சரி, தேங்காய்க் கணக்கு எனக்குச் சரிவரவில்லை. 140 என்பது கடைத் தேங்காயாக இருக்கும். எங்கள் வளவுத் தேங்காயைத் திருவலையில் சிரட்டை தெரியத் திருவினால் பாதி 200 வரும். நான் நாற்பது வருடமாகத் திருவுகிறேன்.

அதைவிடப் பெரிய விஷயத்தை நீங்கள் இருவரும் பேசவில்லை. எங்கள் வீடுகளில் மீன் துண்டு முதலில் அவருக்கு, பிறகு பிள்ளைகளுக்கு. சமைத்தவள் கடைசியில் குந்தி, சட்டியில் மிஞ்சின குழம்பைச் சோற்றில் வழித்துப் பிசைந்து சாப்பிடுவாள். பசி அடங்கவேண்டும் என்று சோற்றை இன்னொரு அகப்பை போடுவாள். அப்படி இருந்தால் இடுப்பு பெருக்காமல் என்ன செய்யும்? நான் சட்டியில் எனக்கென்று இரண்டு துண்டு முதலே எடுத்து வைக்கத் தொடங்கினேன். இரண்டாம் அகப்பைச் சோறு தானாக நின்றது. புட்டும் தேவைப்படவில்லை, தராசும் தேவைப்படவில்லை.

மாங்குளத்தான்:
பார்த்தீர்களா, அக்காவே 140 பிழை என்கிறார்.

இரணைமடு வாய்க்கால்:
அக்கா சொல்வது 200. அப்படியென்றால் என் கணக்கைவிடப் புட்டில் கலோரி கூடுதலாக இருக்கிறது. அது உங்கள் பக்கத்துக்கு எப்படி உதவும்?

அக்கா, மீன் துண்டுக் கதைதான் இந்தத் திரியிலேயே முக்கியமானது. புரதம் பசியை நீண்ட நேரம் அடக்கி வைக்கும். மெலிகிற நேரத்தில் தசை கரையாமல் காப்பதும் அதுதான். சாதாரண ஆளுக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது அடிப்படை. எடை குறைக்கிறவர்கள் 1.2 வரைக்கும், உடம்பால் வேலை செய்கிறவர்கள் அதற்கு மேலும் போகலாம். அந்த 1.2 கணக்கில் 70 கிலோ ஆளுக்கு 84 கிராம். புட்டும் சம்பலும் சாப்பிட்டு அந்த 84ஐ எந்தக் காலத்தில் எட்டுவது?

ரொறன்ரோ விசுவமடுவான்:
இவ்வளவு தலையிடி எதற்கு? புரத மா ஒரு கரண்டி கலக்கிக் குடித்தால் 24 கிராம் கிடைக்கும். மாச்சத்தை முழுதாக வெட்டுங்கள். நான் இங்கே ஆறு மாதமாகச் சோறு, பாண், புட்டு எதையும் தொடவில்லை. ஊரில் இருக்கிற ஆட்களுக்கு இதைச் சொன்னால் காதில் ஏறாது.

இரணைமடு வாய்க்கால்:
அண்ணை, அந்த டப்பாவின் விலையைக் கிளிநொச்சிக் கடையில் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள். ஒரு குடும்பம் ஒரு மாதத்துக்கு வாங்குகிற அரிசிக் காசு அது. எங்கள் குளத்துத் திலாப்பியாவில் 100 கிராமுக்கு 20 கிராம் புரதம், கலோரி 100கூட இல்லை. பயறும் மைசூர்ப் பருப்பும் வேகாத நிலையில் 100 கிராமுக்கு 24. சோயாமீற் காய்ந்த நிலையில் 50 அளவில் இருக்கிறது. வலைக்காரர் சைக்கிளில் பெட்டி கட்டி வாசலுக்குக் கொண்டுவருகிற மீனை விட்டுவிட்டு மாவைக் கரைத்துக் குடிக்கவா?

ரொறன்ரோ விசுவமடுவான்:
நான் பிறந்த மண் அது. குளத்து மீனைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். பள்ளிக்கூடக் கிணறு திருத்தக் காசு கேட்டபோது மட்டும் ரொறன்ரோ அண்ணை நல்லவர்.

இரணைமடு வாய்க்கால்:
கிணற்றையும் புட்டையும் ஏன் சேர்க்கிறீர்கள்? காசு தந்ததற்கு நன்றி அன்றைக்கே சொன்னோம்.

செட்டிகுளம் தங்கச்சி:
ஒரு நிமிடம் கவனியுங்கள். எங்கள் வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக வருத்தம் உள்ள ஆட்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். என் அப்பா அதில் ஒருவர். புரதத்தைக் கூட்டு, மாவைக் கரைத்துக் குடி என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதாதீர்கள். அப்பாவுக்கு டொக்டர் புரதத்துக்கு அளவு வைத்திருக்கிறார், பருப்பைக்கூடப் பார்த்துத்தான் போடுகிறோம். போன வருடம் யாரோ போட்ட பதிவைப் பார்த்துச் சித்தப்பா ஒரு டப்பா வாங்கி வந்துவிட்டார். அதை அப்பாவின் கையில் இருந்து வாங்கி ஒளித்து வைக்க நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

இரணைமடு வாய்க்கால்:
தங்கச்சி சொல்வது நூற்றுக்கு நூறு. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. அதேபோல இன்சுலின் ஊசி போடுகிறவர்களும், சீனியைக் கீழே இறக்குகிற சில குளிசைகள் எடுக்கிறவர்களும் சோற்றைத் திடீரென வெட்டினால் சீனி இறங்கி மயங்கக்கூடும். எங்கள் மச்சாளுக்கு நான் பயந்தது அதற்குத்தான். இந்த இரண்டு வரியும் மாங்குளத்தானின் பதிவில் எங்கே?

மாங்குளத்தான்:
என் பதிவு என் கதை. நான் டொக்டர் என்று எங்கே சொன்னேன்? நீங்கள் மட்டும் டொக்டரா? ஒரு தேங்காயைச் சரியாக நிறுக்கத் தெரியவில்லை.

பூநகரிக் காற்று:
எல்லோரும் வெள்ளை மாவை வைத்துக்கொண்டு சண்டை பிடிக்கிறீர்கள். பூநகரி மொட்டைக்கறுப்பன் என்கிற சிவப்பரிசிச் சோற்றைச் சாப்பிடுங்கள், உடம்பு போடாது. எங்கள் அப்பு 80 வயது வரைக்கும் அதைச் சாப்பிட்டுக் குச்சி மாதிரி இருந்தார். போன காலபோகத்தில் நான் இதைச் சொன்னபோது இதே வாய்க்கால்தான், "பூநகரியார் விற்பனைக்கு எழுதுகிறார்" என்று எழுதினார். நான் மறக்கவில்லை.

இரணைமடு வாய்க்கால்:
நானும் மறக்கவில்லை. நீங்கள் அப்போது அரிசி மூட்டை விலையையும் சேர்த்துத்தான் எழுதினீர்கள்.

தவிட்டோடு இருக்கிற சிவப்பரிசி நல்லது, மறுக்கவில்லை. நார்ச்சத்து கூடுதல், மெதுவாகச் சமிக்கும், சீனி சட்டென்று ஏறாது. ஆனால் கலோரி வெள்ளைக்கும் சிவப்புக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாலு அகப்பை மொட்டைக்கறுப்பனும் நாலு அகப்பைதான். உங்கள் அப்பு குச்சி மாதிரி இருந்தது அரிசியால் அல்ல. அவர் விடிய 4 மணிக்கு மாட்டை அவிழ்த்துக்கொண்டு வயலுக்குப் போனார், அரிவாளால் வெட்டினார், சூடு மிதித்தார். இன்றைக்கு வெட்டு மெஷின் ஒரு பின்னேரத்துக்குள் வயலை முடித்துவிடுகிறது. நாங்கள் மோட்டார்சைக்கிளில் வரம்பு வரைக்கும் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறோம். கோப்பை மட்டும் அப்பு காலத்து அளவு.

பூநகரிக் காற்று:
அப்பு காலத்துக் கோப்பையைப் பற்றிப் பேசாதீர்கள். 2009இல் போரின் கடைசியில் ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனம் நாங்கள். அந்தச் சனத்துக்கு இன்றைக்குக் கிராம் கணக்கில் சோறு நிறுத்துக் கொடுக்கிறீர்களா? வெட்கமாக இல்லையா?

முல்லைக்கடல் அக்கா:
கஞ்சியை இந்தச் சண்டைக்குள் இழுக்காதீர்கள் தம்பி. நானும் அந்த வரிசையில் நின்றவள். அந்தப் பசியை நினைத்துத்தான் நிவாரணம் வந்த நாளில் இருந்து பிள்ளைகளுக்கு அள்ளி அள்ளிப் போட்டேன். கோப்பையில் ஒரு பருக்கை மிஞ்ச விட்டதில்லை. இன்றைக்கு மூத்தவனுக்கு 34 வயதில் பிரஷரும் சீனியும். அவனுடைய கோப்பையில் இருந்து ஒரு அகப்பையைக் குறைக்கும்போது என் கை நடுங்குகிறது. ஆனாலும் குறைக்கிறேன்.

இரணைமடு வாய்க்கால்:
அக்கா எழுதியதை மாங்குளத்தானும் பூநகரியாரும் இரண்டு தரம் வாசிக்கவும்.

சரி, தேங்காய்க்கு வருகிறேன். இன்று பின்னேரம் மூன்று தேங்காய் நிறுத்தேன். கடையில் வாங்கியது, எங்கள் வளவில் விழுந்தது, பக்கத்து வீட்டுக்காரர் தந்தது. பாதி திருவியதில் 128, 163, 204 வந்தது. சராசரி 165. அதைப் போட்டால் ஆளுக்கு 520 அல்ல, 550 கலோரி ஆகிறது.

மாங்குளத்தான்:
ஆக 140 பிழை. அதைத்தானே காலையில் இருந்து சொல்கிறேன். முதல் பதிவைத் திருத்துங்கள்.

இரணைமடு வாய்க்கால்:
திருத்தினால் புட்டுக்குக் கலோரி ஏறும். அதற்குச் சம்மதமா?

மாங்குளத்தான்:
என் புட்டில் ஒரு பிடிதான் என்று எத்தனை தரம் சொல்வது? உங்கள் தராசை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரணைமடு வாய்க்கால்:
அந்தப் பிடியை நிறுத்துப் போடுங்கள். படத்தோடு. கோப்பைப் புட்டையும் சேர்த்து. அதுவரைக்கும் அந்த 9 கிலோப் பதிவைத் தூக்குங்கள், அதை நம்பி இங்கே ஒரு பானை கவிழ்ந்து கிடக்கிறது.

மாங்குளத்தான்:
தூக்க மாட்டேன்.

செட்டிகுளம் தங்கச்சி:
சிறுநீரக வருத்தக்காரருக்கு ஒரு எச்சரிக்கை வரியாவது அதில் சேர்ப்பீர்களா, அண்ணை?

மாங்குளத்தான்:
முதலில் 140ஐத் திருத்தச் சொல்லுங்கள், பிறகு பார்ப்போம்.

முல்லைக்கடல் அக்கா:
128 வந்தது முற்றாத தேங்காய் தம்பி. அதைக் கணக்கில் எடுக்காதே. திரும்ப நிறு.