புதுப்பிப்பு: படகு வீட்டில் தண்ணீர், மின்சாரம், குளிர்காலம்

பிரான்சில் பழைய சரக்குப் படகொன்றை வீடாக்கி வாழ்வதைப் பற்றி முன்பு எழுதியபோது, தண்ணீர், மின்சாரம், குளிர்காலம் ஆகியவற்றைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இப்போது பர்கண்டி கால்வாயின் உச்சிப் பகுதியை அடைந்திருப்பதால் விரிவாகவே சொல்ல முடிகிறது.

குடிநீரைப் படகுத் துறைகளிலுள்ள குழாய்களிலிருந்து தொட்டியில் நிரப்பிக்கொள்கிறோம். மின்சாரத்தைக் கோடையில் சூரியத் தகடுகள் தருகின்றன. மூடுபனிக் காலத்தில் கரையிலிருந்து மின் இணைப்பு இல்லாமல் முடியாது.

உண்மையான கவலை கால்வாயின் தண்ணீர்தான். 242 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கால்வாயில் 189 லாக்குகள் (படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும், கதவுகளுள்ள நீர்த்தொட்டிகள்) இருக்கின்றன. படகொன்று ஒரு லாக்கைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் மேல்மட்டத்து நீர் கீழே இறங்கிவிடுவதால், உச்சியைப் பாந்தியே, செர்செ போன்ற நீர்த்தேக்கங்களே நிரப்ப வேண்டியிருக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் சில பகுதிகளில் போக்குவரத்தையே நிறுத்திவிடுகிறார்கள். பயணத் தேதியை உறவினர்களுக்கு உறுதியாகச் சொல்லும் வழக்கத்தை இதனாலேயே கைவிட்டோம்.

லாக்குகளை இயக்கும் ஊழியர்கள் எங்களுடனேயே கரையோரமாக வண்டியில் அடுத்தடுத்த லாக்குக்கு வருகிறார்கள். ஆனால் மதிய உணவு வேளையில் எதுவும் நகராது, நாமும் சமைத்துச் சாப்பிடலாம்.

குளிர்காலத்தில் பராமரிப்புக்காகக் கால்வாயின் பகுதிகளை மூடிவிடுவார்கள் என்பதால், கரை மின்சாரமுள்ள துறையொன்றில் முன்கூட்டியே இடம் பிடிப்பது அவசியம்; நாங்கள் தீஜோன் நகரத் துறையில் கேட்டிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.