ஆஸ்திரேலியாவில் முதல் கார்: கொரியாவா, சீனாவா?

சீனக் காரை நம்பி வாங்கலாமா, பணம் கூடினாலும் ஹூண்டாய், கியா பக்கமே போய்விடலாமா என்று புதிதாக வந்த நம்மவர்கள் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கார் என்றால் கொரியக் காரைப் பாருங்கள். புதிய மின்சாரக் கார் என்றால் சீனக் காரை ஒதுக்கிவிடாதீர்கள்.

கொரியக் கார்களுக்கு இன்றுள்ள நற்பெயர் எளிதில் வந்ததன்று. 1986-இல் ஹூண்டாய் எக்செல் மலிவு விலையால் அமெரிக்காவில் விற்றுத் தள்ளியது. ஆனால் சில ஆண்டுகளிலேயே பழுதுகளால் கேலிப்பொருளானது. அந்தப் பெயரைத் துடைக்கத்தான், கியாவைக் கையகப்படுத்திய அதே 1998-இல், எஞ்சினுக்கும் கியருக்கும் அங்கே 10 ஆண்டு உத்தரவாதத்தை ஹூண்டாய் அறிவித்தது. ஸ்ரீபெரும்புதூரில் சாண்ட்ரோ உற்பத்தி தொடங்கியதும் அந்த ஆண்டில்தான் என்பதால், நம்மில் பலர் அறிந்த ஹூண்டாய் ஏற்கெனவே திருந்தத் தொடங்கிய ஹூண்டாய்.

சீன நிறுவனங்கள் இப்போது அதே பாதையின் நடுவில் நிற்கின்றன. 2012-இல் எஞ்சின் இணைப்புகளை அடைக்கும் கேஸ்கெட்டுகளில் உடலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததால் கிரேட் வால், செரி வாகனங்கள் சுமார் 23,000 இங்கே திரும்ப அழைக்கப்பட்டதைப் பழைய ஆட்கள் இன்னும் மறக்கவில்லை. எம்ஜி என்ற பிரிட்டிஷ் பெயரும் இன்று ஷாங்காயின் சாயிக் நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஆயினும் 1995-இல் பேட்டரி தயாரிப்பாளராகத் தொடங்கிய பிஒய்டி, தன் மின்கலத்தைத் தானே செய்துகொள்வதால் அந்த விலைக்கு மற்றவர்கள் கொடுக்க முடியாததைக் கொடுக்கிறது. கொரியர்களும் இதில் தடுமாறாமல் இல்லை: கோனா மின்சாரக் கார்கள் உட்பட உலகெங்கும் ஏறத்தாழ 82,000 வண்டிகளின் பேட்டரிகளை 2021-இல் ஹூண்டாய் மாற்றித்தர வேண்டியிருந்தது.

ஆகவே நாட்டைப் பார்க்காமல் மாடலைப் பாருங்கள். ஆன்கேப் என்ற பாதுகாப்புச் சோதனையில் 2023-இல் எம்ஜி 5 ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் பிஒய்டி ஆட்டோ 3 ஐந்து நட்சத்திரங்களையும் பெற்றது. 2023-இல் வந்த ஹூண்டாய் கோனாவுக்கு நான்குதான் கிடைத்தது. நட்சத்திரத்தோடு அது எந்த ஆண்டில் தரப்பட்டது என்பதையும் பாருங்கள். சோதனை விதிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாக்கப்படுவதால், பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

பழைய காருக்குக் கொரியாவைச் சொன்னதற்குக் காரணம் நடைமுறை சார்ந்தது. ஊர்ப்புறத்து மெக்கானிக்குக்கும் அந்த எஞ்சின் பழக்கம். உதிரிபாகமும் எளிதில் கிடைக்கும். மூன்று, நான்கு ஆண்டுகளில் வேறு மாநிலத்துக்கு வேலை மாறினால் விற்பதும் சுலபம். கியா 2014 முதலே 7 ஆண்டு உத்தரவாதம் தருவதால், மிச்சமுள்ள காலம் உங்களுக்கும் வந்து சேரக்கூடும். சீனக் கார்களின் மறுவிற்பனை விலையோ இன்னும் நிலைபெறவில்லை. புதிய காரின் விலையைத் திடீரென்று குறைத்துவிட்டால், நேற்று வாங்கியவரின் கார் மதிப்பும் கூடவே இறங்கும். எந்தக் காரானாலும் அதன்மேல் கடன் பாக்கி உள்ளதா என்பதைப் பிபிஎஸ்ஆர் (PPSR) என்ற அரசுப் பதிவேட்டில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

படிப்போடு பகுதிநேரமாக ஊபர் ஓட்ட நினைப்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. விளம்பரத்தில் பெரிதாக அச்சிட்ட உத்தரவாத ஆண்டுகள் பெரும்பாலும் சொந்தப் பயன்பாட்டுக்கானவை. பயணிகளை ஏற்றும் காருக்குப் பல நிறுவனங்கள் குறைந்த காலத்தையோ கிலோமீட்டர் வரம்பையோ வைத்திருக்கின்றன. அந்தப் பத்தியை டீலர் தானாகக் காட்டமாட்டார். கையெழுத்திடும் முன்பு நீங்களே கேட்டு வாங்கிப் படியுங்கள்.