கிராஸ்ஓவர் வந்து போனதும் டீம் ஆட்கள் ஏன் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள்?

ஆனையூர் வாசகன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மாமா பையன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது 1984ஆம் வருடத்து எக்ஸ்-மென் காமிக்ஸ் இதழ்கள் (மார்வெல் கம்பெனியின் சூப்பர்ஹீரோ டீம்) ஒரு கட்டு கொடுத்துவிட்டுப் போனார். வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தேன். 180ஆம் இதழின் முடிவில் டீமில் பாதிப் பேர் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் திடீரென்று காணாமல் போகிறார்கள். சரி, அடுத்த மாதம் தெரிந்துவிடும் என்று 181ஐத் திறந்தால் டோக்கியோவில் நிற்கிறார்கள், கூடவே ஊரை நாசம் செய்கிற ஒரு ராட்சச டிராகன். நடுவில் என்ன நடந்தது என்பதைப் போகிற போக்கில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அதைக்கூட விட்டுவிடலாம். 183இல் டீமில் இருக்கிற கொலோசஸ், தன் காதலியும் டீம் தோழியுமான கிட்டி பிரைடிடம் வந்து, வேறொரு கிரகத்தில் ஸாஜி என்ற பெண்ணை விரும்பினேன், அவள் செத்தும் போய்விட்டாள், இனி நமக்குள் ஒன்றுமில்லை என்கிறான். நாற்பது இதழுக்கு மேலாக வளர்த்த உறவு. கிட்டி அழுகிறாள், எனக்குக் கோபம் வருகிறது. யார் இந்த ஸாஜி? இப்படி வெளியிலிருந்து ஒரு கிராஸ்ஓவர் ஈவென்ட், அதாவது பல பத்திரிகைகளின் ஹீரோக்களைக் கோக்கிற பெரிய கதை, வந்து டீமின் ஆட்களை மாற்றிவிட்டுப் போவது நல்லதா கெட்டதா? நீங்களெல்லாம் இதை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?

நரிமேடு நைட் ஷிப்ட்:

அது சீக்ரெட் வார்ஸ். 12 இதழ், 1984 மே முதல் 1985 ஏப்ரல் வரை. எழுதியவர் அப்போதைய மார்வெல் தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர். மேட்டல் கம்பெனியின் பொம்மை வியாபாரத்துக்காகத் தொடங்கிய கதை.

கூத்து என்னவென்றால், சொந்தப் பத்திரிகைகளில் ஹீரோக்கள் ஒரு மாதம் மறைந்து அடுத்த மாதமே திரும்பிவிட்டார்கள். போன இடத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்க ஒரு வருடம் ஆயிற்று. ஸ்பைடர்மேன் 252ஆம் இதழிலேயே கறுப்பு உடையில் வந்து நிற்கிறான். அந்த உடை கிடைத்த கதை சீக்ரெட் வார்ஸ் 8இல்தான் வருகிறது. நீங்கள் கேட்ட ஸாஜியும் அப்படித்தான். அவள் கதையில் தலைகாட்டுவதற்கு முன்பே இங்கே அவளால் காதல் முறிந்துவிட்டது.

வரிசை வேண்டுமென்றால்: எக்ஸ்-மென் 180, பிறகு அந்த 12, பிறகு 181.

மேலமாசி பைண்டர்:

தம்பி, நரிமேடு சொன்ன வரிசை நடந்த வரிசை. எழுதிய வரிசை அதில்லை. அந்த 12 இதழையும் 180க்கும் 181க்கும் நடுவில் வைத்து என்னிடம் பைண்டிங்குக்குக் கொண்டுவந்தால் நான் ஒருமுறை சண்டை போட்டுப் பார்ப்பேன். அப்புறம் கட்டித் தருவேன், உங்கள் காசு.

183ஐ இன்னொரு தடவை பாருங்க. எக்ஸ்-மென் எழுத்தாளர் கிளேர்மான்ட் அதை ஸாஜியைத் தெரியாத வாசகனுக்காக எழுதியிருக்கிறார். கிட்டிக்கு என்ன தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரியும். அவளோடு சேர்ந்து நாமும் "யார்டா அவ?" என்று திகைக்க வேண்டும். முன்கூட்டியே அந்த 12 இதழைப் படித்துவிட்டு வந்தால் கொலோசஸ் பக்கம் மனசு சாய்ந்துவிடும், காட்சி சப்பென்று போய்விடும்.

அடுத்து வருகிற பார் காட்சிதான் எனக்கு முக்கியம். டீம் தோழர்கள் வுல்வரினும் நைட்கிராலரும் கொலோசஸைக் குடிக்கக் கூட்டிப்போகிறார்கள். கூட்டிப்போனது ஆறுதல் சொல்ல இல்லை, வுல்வரின் கடுப்பில் இருக்கிறான். அந்த பாரில் சாதாரண உடுப்பில் அவர்களுடைய பழைய எதிரி ஜகர்நாட் உட்கார்ந்திருக்கிறான். சண்டை மூளுகிறது. உதவிக்குப் போகப் பார்த்த நைட்கிராலரை வுல்வரின் தடுத்துவிடுகிறான். ஒரு சின்னப் பெண்ணின் மனசை உடைத்தவன் கொஞ்சம் அடி வாங்கட்டும் என்று விட்டுவிடுகிறான். மூன்று பேருடைய குணமும் அந்தச் சில பக்கங்களில் தெரிந்துவிடும். ஸாஜியை உண்டாக்கியது ஷூட்டர். ஆனால் அந்த முறிவுக்கு ஒரு எடை வந்தது டீமின் சொந்த எழுத்தாளர் கையில்.

என் கணக்கு அதுதான். ஈவென்ட் என்ன செய்தது என்று பார்க்காதீங்க. வீடு திரும்பினவனை வீட்டு எழுத்தாளர் என்ன செய்தார் என்று பாருங்க. அதே சீக்ரெட் வார்ஸில் ஃபன்டாஸ்டிக் ஃபோர் டீமின் திங் (நிஜப் பெயர் பென்) அந்தக் கிரகத்திலேயே தங்கிவிட்டான். அந்த டீமை எழுதிவந்த ஜான் பைர்ன் என்ன செய்தார்? ஃபன்டாஸ்டிக் ஃபோரில் அவன் இடத்துக்கு ஷீ-ஹல்க்கைக் கொண்டுவந்தார். அவன் இல்லாத நேரத்தில் அவனுடைய காதலி அலிசியாவையும் டீம் தோழன் ஜானியையும் நெருங்கவிட்டார். பென் திரும்பி வரும்போது நாற்காலியும் போயிற்று, காதலியும் போயிற்று. அதை வைத்தே வருடக்கணக்கில் கதை ஓடியது. (1991இல் அந்த அலிசியா உண்மையில் ஒரு ஸ்க்ரல், உருமாறும் வேற்றுக்கிரகவாசி, என்று மாற்றியதைப் பற்றிப் பேச வேண்டாம், ரத்த அழுத்தம் ஏறும்.)

2006இல் தொடங்கிய சிவில் வார் ஈவென்டின் முடிவில் கேப்டன் அமெரிக்கா சரணடைகிறான், அவ்வளவுதான். அவன் சுடப்பட்டது 2007இல் அவனுடைய சொந்தப் பத்திரிகையின் 25ஆம் இதழில், அவனை மாதாமாதம் எழுதிவந்த எட் புரூபேக்கர் கையால். அதனால்தான் அது வெறும் சாவாக நிற்காமல் அவனுடைய பழைய கூட்டாளி பக்கி கேடயத்தை எடுக்கிற வரை நீண்டது. அதே சிவில் வாரில் கோலியாத்தாக வந்த பில் ஃபாஸ்டர் செத்தான். எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

டீம் புத்தகத்தை மட்டும் நம்பி வாழ்கிற ஆட்கள்தான் பாவம். பேட்மேனுக்கும் ஸ்பைடர்மேனுக்கும் சொந்தப் பத்திரிகை உண்டு, ஈவென்ட் எழுதுகிறவர் அவர்கள் மேல் சட்டென்று கை வைக்க முடியாது. யாராவது சாகணும், பெயரும் தெரிந்த பெயராக இருக்கணும், ஆனால் கேட்க ஆள் இருக்கக் கூடாது என்றால் பலியாவது டீமின் பின்வரிசை.

டிசி கம்பெனியின் புளூ பீட்டில், அதாவது டெட் கோர்டைச் சொல்கிறேன். 1987இல் தொடங்கிய ஜஸ்டிஸ் லீக்கில் கிஃபனும் டிமாட்டீஸும் எழுத, கெவின் மகுவயர் வரைந்த முகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புளூ பீட்டிலும் பூஸ்டர் கோல்டும் அடிக்கிற லூட்டி, டீமை நடத்துகிற மேக்ஸ்வெல் லார்ட் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பது. 2005இல் இன்ஃபினிட் க்ரைசிஸ் என்ற ஈவென்டுக்கு முன்னோட்டமாக ஒரு டாலருக்கு ஒரு தடித்த இதழ் விட்டார்கள். அதில் டெட் தான் மோப்பம் பிடித்த ஒரு சதியைப் பற்றி ஒவ்வொரு பெரிய ஹீரோவிடமும் போய்ச் சொல்கிறான், ஒருத்தரும் அவனைப் பொருட்படுத்தவில்லை. கடைசியில் அதே மேக்ஸ் அவன் தலையில் சுடுகிறான். அன்று டெட்டுக்குச் சொந்தப் பத்திரிகையும் இல்லை, சிரிக்கச் சிரிக்க அவனை எழுதிய ஆட்களும் அந்த அறையில் இல்லை.

ஒருத்தர் அந்தப் பழைய லீக் இதழ்களைக் கட்டக் கொடுத்தார், கடைசியில் இந்த 2005 இதழையும் சேர்த்துத் தைக்கச் சொன்னார். நான் அதற்குத் தனியாக அட்டை போட்டுக் கொடுத்தேன். முதுகில் பெயர்கூட அடிக்கவில்லை.

தேனூர்க்காரன்:

பைண்டர் அண்ணே சொல்வது எங்க ஊருக்குப் புரியும். அழகர் ஒரு காலத்தில் எங்க தேனூர் ஆற்றில்தான் இறங்கினார், திருமலை நாயக்கர்தான் மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்து மதுரைக்குக் கொண்டுபோனார் என்று ஊரில் சொல்வார்கள். அங்கே லட்சக்கணக்கில் கூட்டம், எங்களுக்கு வண்டியூர்ப் பக்கம் தேனூர் மண்டபம் என்று ஒரு பெயர்.

சரி, ஒரு சந்தேகம். முத்து, லயன் காமிக்ஸில் தமிழில் வந்த நம்ம பிரிட்டிஷ் ஹீரோக்கள் மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி மூவரையும் யாரும் இப்படிக் கோத்துவிடவில்லையா?

மேலமாசி பைண்டர்:

விடுவார்களா! ஆல்பியன் என்று 2005இல் வந்தது, 6 இதழ். ஆலன் மூர் கதைப்போக்கு கொடுக்க, மகள் லியாவும் மருமகன் ஜான் ரெப்பியனும் எழுதினார்கள். பழைய பிரிட்டிஷ் ஹீரோக்கள், வில்லன்களையெல்லாம் அரசாங்கம் ரகசியமாகச் சிறையில் அடைத்து வைத்திருக்கிறது. முத்து, லயன் படித்து வளர்ந்தவன் அதைச் சந்தோஷமாகப் படிக்க முடியாது.

திருநகர் டைட்டன்ஸ் ரசிகை:

அண்ணே, உங்கள் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. டிசியின் பழைய ஈவென்ட் க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ் எழுதியது யார்? மார்வ் வுல்ஃப்மேன். வரைந்தது ஜார்ஜ் பெரெஸ். நியூ டீன் டைட்டன்ஸை உருவாக்கிய அதே ஜோடி. வீட்டு எழுத்தாளரே ஈவென்டையும் எழுதினார், அப்படியிருந்தும் அந்த டைட்டன்ஸ் டீமில் இருந்த டோனா டிராய்தான் தெருவில் நின்றாள்.

1984இல் டைட்டன்ஸ் 38ஆம் இதழில் டீம் தோழன் டிக் கிரேசன் துப்பறிந்து அவள் பிறப்பைக் கண்டுபிடிப்பான். சண்டை கிடையாது, வில்லன் கிடையாது, ஒரு கிழிந்த பொம்மையை வைத்துக்கொண்டு ஊர் ஊராக விசாரிப்பான். டைட்டன்ஸில் எனக்கு அதற்கு மேல் ஒன்றுமில்லை. எரிகிற கட்டடத்திலிருந்து குழந்தை டோனாவைக் காப்பாற்றியது வொண்டர் வுமன். க்ரைசிஸ் முடிந்து 1987இல் பெரெஸே வொண்டர் வுமனை முதலிலிருந்து தொடங்கினார். டயானா, அதாவது வொண்டர் வுமன், இப்போதுதான் முதல்முறையாக நம் உலகத்துக்கு வருகிறாள் என்று ஆகிவிட்டது. அப்படியானால் இத்தனை வருடமாக இருக்கிற டோனாவைக் காப்பாற்றியது யார்? 1988இல் புதிதாக ஒரு பிறப்புக் கதை எழுத வேண்டியதாயிற்று. அதே க்ரைசிஸில் ஃபிளாஷாக இருந்த பேரி ஆலன் செத்ததால், டைட்டன்ஸில் கிட் ஃபிளாஷாக இருந்த வாலி வெஸ்ட் ஃபிளாஷ் ஆனான், தனிப் பத்திரிகையும் கிடைத்தது. ஒரே டீம், ஒரே ஈவென்ட்.

மேலமாசி பைண்டர்:

வாலிக்குக் கிடைத்தது கதை, டோனாவுக்கு நடந்தது பதிவேட்டுத் திருத்தம். இரண்டையும் நான் ஒன்றாக எண்ண மாட்டேன். பேரி செத்தது வாலிக்குப் பிறகு தெரிந்தது, அந்த உடையைப் போட்டான். டோனாவுக்கு எதுவும் நடக்கவே இல்லை, அவளுடைய பழைய நாட்கள் மட்டும் காணாமல் போயின. அதை வைத்து வீட்டு எழுத்தாளர் என்ன அழுவார்? ஆனாலும் 38ஆம் இதழைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு மறுபேச்சே இல்லை.

ஆனையூர் வாசகன்:

அண்ணே, அப்படியென்றால் 183ஐ இன்னொரு தடவை படித்துவிட்டு, சீக்ரெட் வார்ஸைப் பிறகு தேடிக்கொள்கிறேன். இருக்கிற கட்டை உங்களிடமே பைண்டிங் கொடுக்கலாமா? விளம்பரப் பக்கங்களை எடுத்துவிட்டால் புத்தகம் ஒல்லியாக வருமே?

மேலமாசி பைண்டர்:

கொண்டுவாங்க. ஆனால் விளம்பரத்தில் கை வைக்காதீங்க, பின்னையும் நீங்களே பிடுங்காதீங்க. நடுவில் பின் அடித்த புத்தகம் அது, ஒரு விளம்பரத் தாளை உருவினால் அதன் மறுபாதியில் இருக்கிற கதைப் பக்கமும் சேர்ந்து வந்துவிடும்.