அமைதி காக்க வந்தவர்கள்: நாங்கள் கண்டது

மஸ்கெலியாவிலிருந்து

1977 கலவரத்துக்குப் பிறகு மலையில் இருக்கப் பயந்து, அப்பாவும் அம்மாவும் என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வன்னிக்குப் போனார்கள். கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டி, கொட்டில் போட்டு, கச்சான் விதைத்துப் பிழைத்தோம். அதனால் இந்தியப் படை வந்ததை நான் அங்கிருந்துதான் பார்த்தேன். அப்போது எனக்குப் பத்து வயது.

1987 ஜூலை 29இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே படை இறங்கத் தொடங்கியது. ஊரில் ஆலாத்தி எடுத்தார்கள், மாலை போட்டார்கள். எங்கள் அப்பாயிக்கு அது சொந்தக்காரர் வந்த சந்தோஷம். அவருடைய அப்பா தமிழ்நாட்டின் துறையூர்ப் பக்கமிருந்து மண்டபம் முகாம் வழியாகத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். ஒருநாள் கிணற்றடியில் தண்ணீர் கேட்டு நின்ற சிப்பாய்களில் ஒருவர் தமிழில் பேசினார். அப்பாயி செம்பை நீட்டிக்கொண்டே, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார்.

"முசிறிங்க, பாட்டி."

முசிறி துறையூர்ப் பக்கம்தான். அப்பாயி அப்படியே கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆள் சிகரெட் பெட்டியைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் அப்பாயியின் அப்பா பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டார். லீவில் போனால் விசாரித்துக் கடிதம் போடுகிறேன் என்றார்.

செப்டம்பர் 26இல் விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தபோதே ஊரின் முகம் மாறிவிட்டது. அக்டோபர் 10இல் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியது. அந்த மாதம் தீபாவளி நாளில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் தாதிகளும் இந்தியச் சிப்பாய்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செய்தி எங்களுக்கு வந்து சேர நாலைந்து நாளானது. யாரும் முதலில் நம்பவில்லை.

அப்புறம் ஒரு காலை வீட்டைச் சோதிக்க அதே பச்சை உடுப்பில் வேறு ஆட்கள் வந்தார்கள். இந்தியில் ஏதோ சத்தம் போட்டார்கள். உட்காரச் சொல்கிறார்களா, வெளியே வரச் சொல்கிறார்களா என்று புரியாமல் அப்பா வாசல் நடுவில் கையைத் தூக்கியபடி நின்றார். அப்பாயி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். முசிறிக்காரர் அதில் இல்லை.

பின்னால் படித்தபோதுதான் விளங்கியது. ஒப்பந்தத்தில் இருந்தவை இரண்டு அரசாங்கங்களின் கையெழுத்துகள். யாரிடமிருந்து ஆயுதத்தை வாங்க வேண்டுமோ அந்தப் புலிகள் அதில் கையெழுத்துப் போடவில்லை. சண்டைக்காரர்களின் சம்மதம் இல்லாமல் நடுவில் போய் நிற்கிறவர் எத்தனை நாள் நடுவில் நிற்க முடியும்? மூன்றாவது மாதமே இந்தியப் படையும் ஒரு தரப்பாகிவிட்டது. தெற்கில் அந்த ஒப்பந்தத்தை எதிர்த்தே ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சி மூண்டது. 1990 மார்ச் 24இல் கடைசி அணி திருகோணமலையில் கப்பலேறியபோது, ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்கள் செத்திருந்தார்கள். செத்த சனத்தின் கணக்கை யாரும் ஒழுங்காக எடுக்கவில்லை.

நுவரெலியாவிலிருந்து

எனக்கு லொறி ஓட்டம். 2002 பெப்ரவரியில் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்ததும், இங்கேயிருந்து கரட், லீக்ஸ், கோவா ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போவேன். வழியில் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் வெள்ளை வாகனங்களைப் பார்ப்பேன். நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆட்கள். கையில் ஆயுதம் கிடையாது.

வவுனியாவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் அவர்களில் ஒருவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கூட வந்த மொழிபெயர்ப்பாளத் தம்பியிடம், "சண்டை வந்தால் இவர் என்ன செய்வாராம், கேளுங்க" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "யார் மீறினார்கள் என்று எழுதுவோம்" என்றார். பொய் சொல்லவில்லை, மனிதர் நேர்மையானவர். எழுதத்தான் அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. தடுக்க இல்லை. ஆனாலும் அந்த வெள்ளை வாகனம் நின்றால் சோதனைச்சாவடியில் எங்களோடு பேசுகிற தொனியே வேறு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்தது. ஒன்றிய நாட்டு ஆட்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் சொல்ல, சுவீடனும் பின்லாந்தும் டென்மார்க்கும் கிளம்பின. ஆகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு பாதை மூடிக்கொண்டது. நான் ஒரு லொறி லீக்ஸோடு வவுனியாவில் நான்கு நாள் நின்றேன். அழுகல் நாற்றம் தாங்காமல் வீதியோரம் கொட்டினேன், மாடுகள் தின்றன. 2008 ஜனவரியில் அரசாங்கம் போர்நிறுத்தத்திலிருந்து விலகியதும் மிச்சமிருந்தவர்களும் போனார்கள். எழுதுவதற்கும் ஆளில்லாமல் போனது அதற்குப் பிறகுதான்.

பண்டாரவளையிலிருந்து

நான் உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ருவாண்டா இனப்படுகொலையைப் பற்றிச் சொல்லும்போது பிள்ளைகள் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "சேர், முன்னாலேயே தெரிஞ்சிருந்துச்சா?" தெரிந்திருந்தது. ஐ.நா. படைத் தளபதி ரோமியோ டலேர் 1994 ஜனவரியிலேயே ஆயுதக் குவிப்பு பற்றி நியூயோர்க்குக்கு அறிவித்தார். கை வைக்காதே என்று பதில் வந்தது. ஏப்ரலில் கொலைகள் நடந்துகொண்டிருக்கும்போதே, சுமார் 2,500 பேர் இருந்த படையை 270 ஆகக் குறைக்கப் பாதுகாப்புச் சபை முடிவெடுத்தது. அடுத்த வருடம் பொஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிட்சா. "பாதுகாப்பு வலயம்" என்று ஐ.நா. பெயர் வைத்த இடத்தில், டச்சுப் படை இருக்கும்போதே நகரம் வீழ்ந்தது, சுமார் 8,000 பேர் கொல்லப்பட்டார்கள். அனுப்பிய நாடு தன் பிள்ளை சாகக்கூடாது என்று நினைக்கும். அது இயல்புதான். ஆனால் காவலுக்கு ஆளிருக்கிறது என்று நம்பி ஓடாமல் இருந்தவனுக்கு அதற்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

நம் நாட்டிலிருந்தும் ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தொப்பியோடு போகிறார்கள். 2007இல் ஹெய்ட்டியிலிருந்து 100க்கும் மேற்பட்ட இலங்கைச் சிப்பாய்கள், பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதில் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இதை வகுப்பில் சொல்ல எனக்கு ஒவ்வொரு வருடமும் நாக்கு கூசுகிறது. சொல்லிவிடுகிறேன்.

வன்னியில் ஐ.நா. அமைதிப்படை என்று ஒன்று இருந்ததில்லை, நிவாரண ஆட்கள்தான். ஆனாலும் 2008 செப்டம்பரில் அவர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியபோது, சனம் வாசலில் திரண்டு போகாதீர்கள் என்று மன்றாடியது. 2012இல் ஐ.நா.வின் உள் விசாரணையே, சனத்தைக் காப்பதில் தன் அமைப்பு தவறிவிட்டதாக எழுதியது.

மஸ்கெலியாக்காரரே, அந்த முசிறி ஆள் கடிதம் போட்டாரா?

மஸ்கெலியாவிலிருந்து

இல்லை சேர், வரவில்லை. அப்பாயி 2004இல் போய்ச் சேர்ந்தார். துறையூரில் யார் மிச்சம் என்று அவர் பிறகு கேட்டதே கிடையாது. ரேடியோவில் இந்திய ஆமி என்று வந்தால் மட்டும், "அந்தப் புள்ள ஊருக்குப் போய்ச் சேர்ந்துச்சா?" என்பார்.