புதுப்பிப்பு: பழைய ஸ்பீக்கரை மாற்றவில்லை

பழைய 5.1 ஹோம் தியேட்டர் செட்டில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) பாஸ், அதாவது அடித்தொனி, கரகரக்கிறது, வசனம் புரியவில்லை, 25,000 ரூபாய்க்குள் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தேனே? மாற்றவில்லை.

பாஸ் தரும் பெட்டியான சப்வூஃபரின் முன்வலையைக் கழற்றினால், கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பு விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. வருடக்கணக்கில் ஈரக்காற்று பட்டால் ஃபோம் இற்றுப்போவது சகஜம். கூம்பை இருபக்கமும் சமமாக மெல்ல அழுத்திப் பார்த்தேன், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) உரசவில்லை. அப்புறம் என்ன, விளிம்பை மட்டும் மாற்றினால் போதும். காரைக்குடியில் ஒருவர் ஒட்டிக் கொடுத்தார். ரப்பர் போடட்டுமா என்றார். ஃபோமே போடுங்கள் என்றேன். ரப்பர் கனம், பாஸ் மாறிவிடும்.

வசனச் சிக்கல் வீட்டில்தான். ஆத்தங்குடிக் கல் தரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை. கை தட்டினாலே எதிரொலிக்கும். ஜமுக்காளம் விரித்து, வசனம் வரும் சென்டர் ஸ்பீக்கரை அலமாரி விளிம்புக்கு இழுத்து, காதைப் பார்த்துச் சாய்த்து வைத்தேன். “என்னப்பா சொல்றான் அவன்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கும் அப்பத்தா இப்போது சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார்!

சவுண்ட்பார் வாங்கச் சொன்ன அண்ணன்மார் கோபிக்க வேண்டாம். எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே வாங்கும் வசதி) உள்ள பழைய ரிசீவர், அதாவது ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர், யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். ஸ்பீக்கரின் மின்தடை அளவு 6 ஓம், ரிசீவர் அதைத் தாங்க வேண்டும்.